ஸ்டீவ் ஸ்பரியர்: கோச்சை உருவாக்கியது ஹைஸ்மன் கோப்பையா, பெஞ்சா?

கடைசிபெஞ்சு:

"பெரிய ஆட்டக்காரர் பெரிய கோச் ஆவாரா" இழையில் நீலச்சட்டை நேற்று எழுதியது: "ஸ்பரியர் ஹைஸ்மன் வாங்கினவர். அதனாலதான் ஃப்ளோரிடா அவர் கையில ஜெயிச்சுது." அந்த 'அதனாலதான்' எனக்கு ஒப்பவில்லை. அங்கே பேச்சு திசைமாறும் என்று தனி இழையாகத் தொடங்குகிறேன்.

அமெரிக்கக் கால்பந்து புதிதாகப் பார்ப்பவர்களுக்காக இரண்டு வரி. ஸ்டீவ் ஸ்பரியர் 1964 முதல் 1966 வரை ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி எறிந்து தாக்குதலை நடத்துபவர். 1966-ல் கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பை அவருக்குக் கிடைத்தது. 1990-ல் அதே பல்கலைக்கழகத்துக்குத் தலைமைக் கோச்சாகத் திரும்பினார். 12 பருவங்களில் 122 வெற்றி, 27 தோல்வி, ஒரு சமன். எஸ்.இ.சி. (தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் லீக்) பட்டம் ஆறு முறை. 1996 பருவத்தில் தேசியப் பட்டம்.

கோப்பைக்கும் கோச் பதவிக்கும் நடுவே 24 வருஷம் கிடக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. 1967 டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுப்பதில், சான் பிரான்சிஸ்கோ அவரை மூன்றாவது ஆளாக எடுத்தது. எடுத்த கையோடு முதல் குவார்ட்டர்பேக் ஜான் பிராடிக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார வைத்தது. 1972-ல் பிராடி காயம்பட்டபோதுதான் தொடர்ந்து ஆடக் கிடைத்தது. தொழில்முறை ஆட்டத்தில் அவருடைய மொத்தக் கணக்கு 40 டச்டவுன் பாஸ் (புள்ளியாக முடிந்த எறிதல்), 60 இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த எறிதல்). கடைசி வருஷமான 1976-ல் டாம்பா பே என்ற புத்தம்புது அணி. 14 ஆட்டம், 14 தோல்வி.

1978-ல் ஃப்ளோரிடாவில் உதவிக் கோச். அந்தப் பருவ முடிவில் தலைமைக் கோச் மாறினார், புதிதாக வந்தவர் ஸ்பரியரை வைத்துக்கொள்ளவில்லை. கோப்பை வாங்கிக் கொடுத்த ஊரிலேயே ஒரு உதவிக் கோச் வேலையைக்கூட அந்தக் கோப்பையால் காப்பாற்ற முடியவில்லை. தொழிலை அவர் கற்றது அதற்குப் பிறகு: 1979-ல் ஜார்ஜியா டெக், 1980 முதல் 1982 வரை டியூக்கில் தாக்குதல் பொறுப்பு, 1983 முதல் 1985 வரை யு.எஸ்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் டாம்பா பே பாண்டிட்ஸ், 1987 முதல் 1989 வரை மறுபடி டியூக், இந்த முறை தலைமைக் கோச். அந்த டியூக் 1989-ல் தன் லீகான ஏ.சி.சி.யின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது, 1962-க்குப் பிறகு அவர்களுக்கு அதுதான் முதல் பட்டம். இது ஹைஸ்மன் கொடுத்த வெற்றி இல்லை.

நீலச்சட்டை:

அண்ணா, வருஷக் கணக்கெல்லாம் சரி. மறுக்கல. ஆனா அவர் கோச்சா எடுத்த முடிவுகளைப் பாருங்க, ஆட்டக்காரரா எடுத்த முடிவுகளோட அச்சு அப்படியே தெரியும்.

1966 அக்டோபர் 29, ஆபர்ன் ஆட்டம். ஸ்கோர் 27-27. ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல பாக்கி. 40 யார்டு ஃபீல்டு கோல், அதாவது கம்பங்களுக்கு நடுவே உதைச்சா மூணு புள்ளி. வழக்கமா உதைக்கறவருக்கு அது தூரம் ஜாஸ்தி. பன்ட் (பந்தை எதிரணி பக்கம் தூரமா உதைச்சு விடறது) அடிச்சுப் பழகின ஸ்பரியர் நானே உதைக்கறேன்னு நின்னு உதைச்சார். 30-27. ஹைஸ்மன் ஓட்டைத் தீர்மானிச்ச உதைன்னு அதைத்தான் இன்னிக்கும் சொல்றாங்க.

இப்ப 1997 நவம்பர் 22-க்கு வாங்க. ஃப்ளோரிடா ஸ்டேட் தோக்காம வந்திருக்கு. ஸ்பரியர் டக் ஜான்சன், நோவா பிரிண்டீஸ்னு ரெண்டு குவார்ட்டர்பேக்கை பிளேவுக்கு பிளே (அதாவது ஒவ்வொரு திட்ட நகர்வுக்கும்) மாத்தி மாத்தி இறக்கினார். பைத்தியக்காரத்தனம்னு தோணும், ஆனா காரணம் இருக்கு. அப்போ கல்லூரி ஆட்டத்துல ஹெல்மெட்டுக்குள்ள ரேடியோ கிடையாது (2024-லதான் வந்துது). கை சைகையில பிளே அனுப்பணும், எதிரணி அதைப் படிக்கும். ஒருத்தர் ஆடறப்போ இன்னொருத்தர் கோச் பக்கத்துல நிக்கறார். டிஃபன்ஸ் (தடுப்பாட்டம்) எங்க நிக்குதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கறாங்க, அடுத்த பிளேவை வாயாலயே சொல்லி அனுப்பறார். சைகையும் இல்ல, குழப்பமும் இல்ல. 32-29, ஃப்ளோரிடா வெற்றி.

எல்லாரும் பண்றதை விட்டுட்டு அந்த நிமிஷத்துல கண்ணுக்குத் தெரியறதை நம்பற தைரியம் இது. ஆபர்ன் ஆட்டத்துல இருந்த அதே ஆள். பெஞ்சுல உக்காந்தா பொறுமை வரும், இது வராது.

கடைசிபெஞ்சு:

தைரியம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹைஸ்மன் வாங்கியவர்களுக்கெல்லாம் அது கோச் வேலையில் கைகொடுத்ததா? பாட் சல்லிவன் 1971-ல் ஆபர்னுக்கு ஹைஸ்மன் வாங்கிக் கொடுத்த குவார்ட்டர்பேக். 1992-ல் டி.சி.யு. (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) கோச் ஆனார். 1997-ல் 10 தோல்வி, ஒரே வெற்றி. அதோடு வேலை போனது. அதே கோப்பை, அதே இடத்தில் நின்று ஆடியவர். வித்தியாசம் வேறு எங்கோ இருக்கிறது.

நாற்பதாவதுகோடு:

அந்த 'வேறு எங்கோ' எங்கே என்று சொல்கிறேன். ஸ்பரியர் குவார்ட்டர்பேக்குக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு சேஃப்டியை, அதாவது தடுப்பாட்டத்தில் கடைசியாகப் பின்னால் நிற்பவரை, மட்டும் பார்க்க. 'மில்ஸ்' என்று இன்றும் கோச்சுகள் சொல்லும் பிளேவை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரிடாவில் ரிசீவராக, அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவராக, இருந்த எர்னி மில்ஸின் பெயர்தான் அது.

ஒரே பக்கத்தில் இரண்டு ரிசீவர்கள். உள்ளே இருப்பவர் ஏறக்குறைய 12 யார்டு நேராக ஓடி, சட்டென்று மைதான நடுவுக்குத் திரும்புகிறார். இது டிக். வெளியே இருப்பவர் நேராகப் பறந்து, அதே ஆழத்துக்குக் கொஞ்சம் மேலே கோல் கம்பத்தை நோக்கி வெட்டுகிறார். இது போஸ்ட். குவார்ட்டர்பேக் ஐந்து எட்டு பின்வாங்கி, ஒரு சின்ன எட்டு முன்வைத்து, அந்தப் பக்கத்துச் சேஃப்டியின் தோளைப் பார்க்கிறார். சேஃப்டி டிக்கைத் தடுக்க முன்னே வந்தால் பந்து அவர் தலைக்கு மேல் போஸ்டுக்குப் போகும். பின்னாலேயே நின்றால் அவருக்கு முன்னால் டிக் காலியாக இருக்கும். அவர் எதைச் செய்தாலும் தப்பு. வெளி ரிசீவரைத் தடுக்கும் கார்னர் வழக்கமாக வெளிப்பக்கம் நிற்பதால் உள்ளே வெட்டும் போஸ்டைத் துரத்திப் பிடிப்பது அவருக்குச் சிரமம்.

கெடுவது மூன்று இடத்தில். டிக் ஓடுபவர் எட்டு யார்டிலேயே திரும்பினால் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரரான லைன்பேக்கர் பந்துக்கு அடியில் வந்து நிற்பார், சேஃப்டி அசையவே மாட்டார். திரும்பும்போது வளைந்து திரும்பினால், அவர் வருவது சேஃப்டிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். மூன்றாவது, இந்த பிளே விரிய ஏறக்குறைய மூன்று வினாடி வேண்டும். ஐந்து பேர் தடுக்க, ஆறு பேர் பாய்ந்தால் அந்த மூன்று வினாடி கிடையாது. ஸ்பரியரின் தோல்விகளில் பெரிய பங்கு இந்த மூன்றாவதுக்கு.

இதைப் பார்க்கும் கண் 1966-லேயே அவருக்கு இருந்தது. ஆனால் அதை ஒரு 20 வயசுப் பையனின் தலையில் ஏற்றும்படி பிரித்துச் சொல்வது வேறு வித்தை. ஷேன் மேத்யூஸ் 1990 வசந்தகாலப் பயிற்சியில் குவார்ட்டர்பேக் வரிசையில் ஐந்தாவது ஆள். அந்த இலையுதிர் காலத்தில் முதல் ஆள். 1990, 1991 இரண்டு வருஷமும் எஸ்.இ.சி.யின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். பிறவித் திறமையை மட்டும் நம்பிய கோச் ஐந்தாவது ஆளைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். என் ஓட்டு கடைசிபெஞ்சுக்கே.

பச்சைப்புல்:

நீங்கள் மூவரும் தாக்குதலை மட்டுமே பேசுகிறீர்கள். தேசியப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தது தடுப்பாட்டமும், தன் பழக்கத்தை விட்டுக்கொடுத்ததும்.

1995 பருவத்தின் கடைசி ஆட்டம், ஃபியஸ்டா பவுல். நெப்ராஸ்கா 62, ஃப்ளோரிடா 24. நெப்ராஸ்கா ஓடியே 524 யார்டு எடுத்தது. முதல் கால்பகுதி முடிவில் ஃப்ளோரிடாதான் 10-6 என்று முன்னே இருந்தது, இடைவேளைக்குள் 35-10. எந்த போஸ்டும் எந்த டிக்கும் இதற்கு மருந்து இல்லை. 1996-க்கு கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து பாப் ஸ்டூப்ஸைத் தடுப்பாட்டப் பொறுப்புக்குக் கொண்டுவந்தார். அதே வருஷம் பட்டம். இதே ஸ்டூப்ஸ் பின்னால் ஓக்லஹோமா போய் 2000-ல் தனியாகவே தேசியப் பட்டம் வாங்கினார். கை யாருடையது என்று அதிலேயே தெரிகிறது.

அடுத்தது ஷாட்கன், அதாவது குவார்ட்டர்பேக் சில யார்டு பின்னால் நின்றே பந்தை வாங்குவது. 1996 நவம்பர் 30, டாலஹாசியில் ஃப்ளோரிடா ஸ்டேட் 24-21 என்று வென்றது. அன்று ஃப்ளோரிடாவின் குவார்ட்டர்பேக் டேனி வுர்ஃபலை ஆறு முறை வீழ்த்தினார்கள், அடித்த அடி அதற்கும் மேல். அவர் சென்டரின் (பந்தைப் பின்னால் தருபவர்) பின்னால் ஒட்டி நின்று பந்தை வாங்கி, ஐந்து எட்டு பின்வாங்கி, பிறகுதான் எறிய வேண்டும். ஓரத்திலிருந்து பீட்டர் பௌல்வேர், ரெய்னார்ட் வில்சன் போன்றவர்கள் சுற்றி வரும்போது அந்தப் பின்வாங்கும் நேரமே ஆபத்து. 1997 ஜனவரி 2, சுகர் பவுலில் அதே எதிரணி. இந்த முறை வுர்ஃபல் ஐந்து யார்டு பின்னாலேயே நின்று பந்தை வாங்கினார். பின்வாங்கும் எட்டுகள் மிச்சம், கண் முழுவதும் முன்னால். விலையும் உண்டு: சென்டர் குனிந்தபடி தூர எறிய வேண்டும், ஒன்று தவறினால் பந்து போச்சு, ஓட்ட ஆட்டமும் மந்தமாகும். ஸ்பரியருக்கு ஷாட்கன் பிடித்தமானது இல்லை. ஆனாலும் அன்று போனார். 52-20. வுர்ஃபல் 306 யார்டு, மூன்று டச்டவுன் பாஸ், தானே ஓடி இன்னொன்று.

தான் ஆடிய விதத்தைக் கைவிட்டதால் கிடைத்த பட்டம் இது. நீலச்சட்டை சொல்லும் 'அதே ஆள்' அன்று அங்கே இல்லை.

நீலச்சட்டை:

பச்சைப்புல், ஸ்டூப்ஸ் விஷயம் சரி, அதுல வாதமே இல்ல. ஆனா அந்த வருஷம் வுர்ஃபலுக்கும் ஹைஸ்மன் கிடைச்சுது. ஹைஸ்மன் வாங்கின ஒருத்தர் கோச்சாகி, தன் கையில வளர்ந்த ஆளுக்கும் ஹைஸ்மன் வாங்கிக் கொடுத்தது அதுக்கு முன்னாடி நடந்ததே இல்ல. இதை எப்படித் தள்ளிவிடறது?

அப்புறம் 1990-ல அவர் வந்தவுடனே செஞ்சது என்ன? 1971-லேர்ந்து கிடந்த செயற்கைத் தரையைப் பிடுங்கிட்டு மறுபடி புல் போடச் சொன்னார். உள்ளூர் ஆட்டத்துக்கு நீலச் சட்டையைத் திரும்பக் கொண்டுவந்தார். அவர் ஆடின மைதானம் புல் மைதானம், அதையே திருப்பி நிறுத்தினார். வெளியாள் வந்திருந்தா இதெல்லாம் முதல் வருஷமே தோணியிருக்காது. ஃப்ளோரிடா அதுவரை அதிகாரபூர்வமா ஒரு எஸ்.இ.சி. பட்டம்கூட வெச்சிருக்கல, 1984-ல வாங்கினதையும் பறிச்சுட்டாங்க. 1991-லதான் முதல் பட்டம். "இங்க ஜெயிக்கவே முடியாது"ன்னு நம்பின ஊருக்கு, அங்க ஜெயிச்ச ஆள் திரும்பி வந்து நின்னது சின்ன விஷயமா?

நாற்பதாவதுகோடு:

சின்ன விஷயம் இல்லை. ஆனால் அது ஆளைச் சேர்க்க உதவும், மூன்றாவது டவுனில் (10 யார்டு எடுக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) எட்டு யார்டு எடுக்க உதவாது. உங்கள் வாதம் சரியென்றால் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் வாஷிங்டன் அணிக்குப் போய் ஏன் விழுந்தார்? 2002-ல் ஐந்து வருஷம், 25 மில்லியன் டாலர் ஒப்பந்தம். முதல் வருஷம் 7-9 (7 வெற்றி, 9 தோல்வி), இரண்டாம் வருஷம் 5-11, ராஜினாமா. தன்னுடைய மேத்யூஸையும் வுர்ஃபலையுமே அங்கேயும் கூட்டிக்கொண்டு போனார்.

தரையை அளந்து பாருங்கள். மைதான அகலம் இரண்டிலும் 160 அடிதான். பந்து வைக்கும் ஹேஷ் குறிகளுக்கு நடுவே கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு ஓரக் குறியில் இருந்தால் அகலமான பக்கம் 100 அடி கிடைக்கும். என்.எஃப்.எல்.லில் அது 90 அடிக்கும் குறைவு. போஸ்ட், டிக் இரண்டையும் விரிக்கும் இடமே சுருங்குகிறது. கல்லூரியில் எல்லைக்குள் ஒரு கால் ஊன்றினால் கேட்ச், அங்கே இரண்டு கால். கல்லூரி எதிரணிக்கு வாரம் 20 மணி நேரப் பயிற்சிக் கட்டுப்பாடு உண்டு, என்.எஃப்.எல். தடுப்பாட்டம் முழுநேரமும் உங்கள் ஆட்டப் பதிவையே பார்த்துக்கொண்டிருக்கும். முன்னே சொன்ன மூன்று வினாடியைப் பிளிட்ஸ் (கூடுதல் ஆட்கள் பாய்வது) வைத்துப் பிடுங்கினார்கள். இளம் குவார்ட்டர்பேக் பாட்ரிக் ராம்ஸி வாங்கிய அடிகள் அந்தக் கணக்குதான்.

பச்சைப்புல்:

வாஷிங்டனோடு நிறுத்திவிட்டால் அவருக்குச் செய்யும் அநியாயம். பிறகு கோச்சாக இருந்த தென் கரோலினா பல்கலைக்கழகத்தைச் சொல்லுங்கள். 2010-ல் அப்பலாச்சியன் ஸ்டேட்டிலிருந்து ஷான் எலியட்டை லைன் (முன்வரிசை) கோச்சாகக் கொண்டுவந்து ஜோன் ரீட் ஓட்டத்தை (ஓரத் தடுப்பாட்டக்காரர் ஒருவரைப் பார்த்து, பந்தை ஓட்டக்காரரிடம் விடுவதா தானே வைத்துக்கொள்வதா என்று குவார்ட்டர்பேக் முடிவெடுப்பது) பழக்கினார். ஓட்டக்காரர் மார்கஸ் லாட்டிமோர் முதல் வருஷமே 1,197 யார்டு. அக்டோபர் 9 அன்று முதலிடத்தில் இருந்த அலபாமாவை 35-21. 2011, 2012, 2013 மூன்று வருஷமும் 11-2. பாஸ் ஆட்டத்தின் அடையாளமாக இருந்தவர் 65 வயசில் ஓட்டத்தை முதலில் வைத்தார்.

கடைசிபெஞ்சு:

2015-ல் 2-4 என்று இருக்கும்போது பருவ நடுவிலேயே விலகியது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்தப் பையன்களுக்கு அது நியாயம் இல்லை. ஆனால் பச்சைப்புல் சொன்ன 2010 மாற்றத்தை என் வாதத்தில் நான் சேர்க்கவே இல்லை, அது பெஞ்சிலிருந்தும் வரவில்லை, கோப்பையிலிருந்தும் வரவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். நாற்பதாவதுகோடு, ஒன்று கேட்கிறேன்: ஜோன் ரீடில் லாட்டிமோர் ஓடும்போது தடுக்காமல் விடும் அந்த ஓர ஆட்டக்காரரை குவார்ட்டர்பேக் படிப்பதும், மில்ஸில் சேஃப்டியைப் படிப்பதும் ஒரே பயிற்சிதானா?

நாற்பதாவதுகோடு:

அடிப்படை ஒன்றே, ஒரு ஆளைப் பார், அவர் செய்வதற்கு எதிர்மாறாகச் செய். ஆனால் நேரம் வேறு. மில்ஸில் சேஃப்டி முடிவெடுக்கும் வரை காத்திருக்க இரண்டு வினாடிக்கு மேல் உண்டு. ஜோன் ரீடில் பந்து ஓட்டக்காரரின் வயிற்றில் பட்டபடி இருக்கும் நொடியிலேயே, அந்த ஓர ஆளின் தோள் உள்ளே திரும்பிவிட்டதா என்று பார்த்து, பந்தை இழுக்கவோ விடவோ வேண்டும். பாதி இழுத்து பாதி விட்டால் பந்து தரையில். அதனால்தான் குவார்ட்டர்பேக் கானர் ஷா மாதிரிக் கால் வேகம் உள்ளவர் அங்கே தேவைப்பட்டார்.