மறு: டயலாக் டேக் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்து வருகிறேன். என் முன்மொழிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: கூற்றுச்சுட்டு. டயலாக் டேக், அதாவது கதையில் பேச்சு யாருடையது என்று காட்டும் 'என்றாள் மாமியார்', 'என்று அண்ணன் கேட்டான்' போன்ற பகுதி முழுவதற்கும் இந்த ஒரே சொல் போதும்.

> உரையாடல் ஒட்டு என்றாலே எல்லோருக்கும் புரிகிறதே?

புரியும், சரி. ஆனால் ஒட்டு என்றதும் முன்னொட்டும் பின்னொட்டும் நினைவுக்கு வருகின்றன. 'குறிச்சொல்' ஏற்கெனவே வலைப்பதிவுகளில் பதிவை வகைபிரிக்கும் வேலைக்குப் போய்விட்டது. 'உரைவினை' என்று ஒருவர் சொன்னார். அது வினையை மட்டும் பிடிக்கிறது, பேசிய ஆளை விட்டுவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. டேக் என்றால் சட்டையில் தொங்கும் விலைச்சீட்டு மாதிரி, பிய்த்துப் போட்டாலும் சட்டைக்குக் குறைவில்லை. நம் 'என்று' அப்படிப்பட்டதா? ஓலைச்சுவடியில் மேற்கோள் குறி ஏது? பேச்சு எங்கே முடிகிறது என்று காட்டும் வேலையை 'என்று', 'என' இரண்டும்தான் செய்தன. எங்கள் புதுச்சேரியில் 1736 முதல் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவந்த நாட்குறிப்பைப் புரட்டிப் பாருங்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சோடு பேசியதையெல்லாம் அவர் 'என்று' வைத்தே நடத்திக்கொண்டு போகிறார். தொல்காப்பியர் இடைச்சொற்களைப் பற்றிய இடையியலில் 'என' என்ற சொல்லுக்கு வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என ஆறு இடம் சொல்லி, 'என்று' என்பதும் அப்படியே என்கிறார். இவ்வளவு பழைய உறுப்புக்கு வெளியூர்ச் சீட்டின் பெயர் வேண்டாம் என்பது என் எண்ணம்.

பிரெஞ்சுப் பாடத்தில் இதற்கு 'அன்சீஸ்' என்று படித்தோம். இடையில் வெட்டிச் செருகியது என்று பொருள். அவர்கள் வடிவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாம் வேலையைப் பார்த்து வைக்கலாம். ஏனென்றால் தமிழில் அந்த வேலை பெரிது. எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

கடலூர் முதுநகரிலிருந்து வரும் தங்கை ஒருவர் ஒரு சிறுகதை வாசித்தார். துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் விற்கும் மாமியாரும் மருமகளும்தான் கதை. மருமகளின் பார்வையில் போகிறது. முதல் வரைவில் 'அதட்டினாள்', 'முழங்கினாள்', 'சீறினாள்' என்று வரிக்கு ஒரு வினை. பேச்சே சீறும்போது சீறினாள் எதற்கு என்று கேட்டோம். அவரும் எல்லாவற்றையும் 'என்றாள்' ஆக்கினார். கதை சட்டென்று அமைதியாகி, இரண்டு பெண்களின் குரலும் காதில் விழத் தொடங்கியது.

அப்போதுதான் ஒரு பிழை கண்ணில் பட்டது. மாமியாருக்குச் சில இடத்தில் 'என்றாள்', சில இடத்தில் 'என்றார்'. கவனக்குறைவுதான். ஒன்றாக்கிவிடலாம் என்று பலரும் சொல்ல, அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு ஒன்று செய்தார். கதை முழுக்க 'என்றாள்' வைத்தார். கடைசிக்கு முந்தைய காட்சியில், மருமகளுக்குக் காய்ச்சல், மாமியார் அவள் கூடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற இடம்:

"நீ படு. சங்கராவ நானே வித்துட்டு வரேன்" என்றார்.

அந்த ஒரு 'ஆர்' விகுதியில் மருமகளின் மனம் மாறியது தெரிந்தது. அதற்குமேல் விளக்கம் எழுத வேண்டியிருக்கவில்லை. கூடத்தில் கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை. ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, சொல்பவருக்கு அவர்மேல் மதிப்பு உண்டா என்பதெல்லாம் நம் மொழியில் இந்தச் சின்னச் சொல்லுக்குள் இருக்கிறது. ஆளையும் சுட்டும், உறவையும் சுட்டும். அதனால்தான் 'சுட்டு'.

> கூற்று என்றால் எமன் என்றும் பொருள் உண்டே?

உண்டு. ஆனாலும் தலைவி கூற்று, தோழி கூற்று என்று சொல்லித்தானே நமக்கு அகப்பாட்டைப் பாடம் நடத்தினார்கள்? யோசித்தால், பாட்டுக்கு வெளியே நின்று இன்னார் பேச்சு என்று காட்டும் அந்தக் குறிப்பும் ஒரு கூற்றுச்சுட்டுதான். நேர்கூற்று, அயற்கூற்று இரண்டும் பள்ளி இலக்கணத்தில் இருக்கின்றன. புதுச்சொல் அவற்றின் பக்கத்தில் இயல்பாக உட்கார்ந்துகொள்ளும்.

சொல் கிடைத்துவிட்டால் கற்பிப்பதும் எளிது. தமிழில் வினை கடைசியில் வருவதால், பத்து வரிப் பேச்சின் முடிவில் 'என்றான் தம்பி' என்று வைத்தால், அதுவரை யார் பேசுகிறார் என்று தெரியாமலே வாசகர் வந்திருப்பார். "கூற்றுச்சுட்டை முதல் துண்டுக்குப் பின்னால் கொண்டு வா" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். "அது இல்லண்ணே," என்றான் தம்பி, அப்புறம் மீதி. 'கேட்டாள்' என்பதில் வினவினாளா, காதில் வாங்கினாளா என்ற மயக்கம் வரும் இடங்களையும் இதே தலைப்பில் பேசலாம்.

அடுத்து, வினையே இல்லாமல் செய்கையால் ஆளைக் காட்டுவது. மாமியார் சும்மாட்டை உதறினாள். "வெயில் ஏறிடுச்சு." இங்கே 'என்றாள்' தேவைப்படவில்லை. இதற்கு 'மெய்ப்பாடு' என்று ஓர் ஐயா எழுதியிருந்தார். அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் மெய்ப்பாடு உள்ளத்து உணர்வு உடலில் தெரிவது. சும்மாட்டை உதறுவதில் எப்போதும் உணர்வு இருக்க வேண்டியதில்லை, வேலையாகவும் இருக்கலாம். ஆகவே இணையாகச் 'செய்கைச்சுட்டு' என்று வைக்கலாமா?

கூற்றுச்சுட்டில் எனக்கு உறுதி உண்டு. செய்கைச்சுட்டு வாயில் கொஞ்சம் இடறுகிறது, 'செயற்சுட்டு' என்று சுருக்கினால் செயல் என்பது தொழில் மாதிரி ஒலிக்கிறது. மேலான சொல் தோன்றினால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்குக் கையேடு அச்சடிக்கிறோம், அதில் இரண்டு சொல்லையும் போட வேண்டும்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து