வலிப்பு நோய்: தம்பிக்குப் பொருந்தும் மாத்திரை மகளுக்கு ஏன் ஆகாது?

கேள்வி:
எட்டு வயதான என் மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறாள். இமைகள் மட்டும் லேசாகத் துடிக்கும். பத்து விநாடிக்குள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள், இடையில் நின்றதே அவளுக்குத் தெரிவதில்லை. ஒருமுறைகூடக் கீழே விழுந்ததில்லை, கைகால் இழுத்ததுமில்லை. ஆயினும் ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்துடிப்புகளைப் பதிவுசெய்யும் சோதனை) எடுத்துப் பார்த்த மருத்துவர் இதுவும் வலிப்புதான் என்கிறார். என் தம்பியின் வலிப்பைக் கட்டுக்குள் வைத்திருக்கும் கார்பமாசெபின் மாத்திரையையே இவளுக்கும் தரலாமா என்று கேட்டபோது, கூடவே கூடாது என்று மறுத்துவிட்டார். காரணம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
மருத்துவர் மறுத்தது மிகவும் சரி. மூளையின் நரம்பணுக்கள் கட்டுமீறி ஒருசேர மின்துடிப்புகளை வெளியிடுவதே வலிப்பு. அது எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்தே வகையும் மருந்தும் அமைகின்றன. மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்கினால் அது பகுதி வலிப்பு. நினைவு தப்பாமலேயே ஒரு கை மட்டும் துடிப்பதுகூட இதில் அடங்கும். தொடக்கத்திலேயே இருபுறமும் பரவுவது பொது வலிப்பு. உடல் விறைத்து வெட்டி இழுக்கும் வகையைப் போலவே, உங்கள் மகளுக்கு வருவதாகத் தோன்றும் ஆப்சன்ஸ் (சில விநாடிகள் மட்டும் நினைவு தப்பும்) வகையும் இதைச் சேர்ந்தது. வேகமாக மூச்சு விடச் சொன்னால் இது பெரும்பாலும் தூண்டப்படும், அப்போது ஈ.ஈ.ஜி.யில் விநாடிக்கு ஏறத்தாழ 3 முறை என்ற சீரில் கூர் அலைகள் தெரியும். கார்பமாசெபின் பகுதி வலிப்புக்கு நல்ல மருந்து, ஆனால் ஆப்சன்ஸ் வலிப்பை அது அதிகப்படுத்திவிடக்கூடும். இதற்கு வழக்கமாக எத்தோசக்ஸிமைட் அல்லது வால்ப்ரோயேட் தருவார்கள்.

பதில் 2:
எனக்கு இருப்பது பகுதி வலிப்பு. அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலெழும்புவது போன்ற உணர்வு முதலில் வரும், அதன்பின் நினைவிருக்காது. அந்த ஓரிரு நிமிடங்கள் நான் வெறித்துப் பார்த்தபடி வாயை மென்றுகொண்டு சட்டைப் பொத்தானைத் திருகுவேன் என்று வீட்டார் சொல்வார்கள். தெளிந்த பிறகும் வெகுநேரம் குழப்பமும் களைப்பும் இருக்கும், உங்கள் மகளைப் போல உடனே பேச்சைத் தொடர இயலாது. வலிப்பில்லாத வேளையில் எடுத்த ஈ.ஈ.ஜி. இயல்பாகவே இருந்ததால், என் மனைவி கைப்பேசியில் எடுத்த காணொளிதான் மருத்துவருக்குத் துணைபுரிந்தது. நீங்களும் ஒன்று எடுத்து வையுங்கள்.

பதில் 3:
இவ்வகைக் குழந்தைகள் சிலருக்குப் பின்னாளில் கைகால் வெட்டும் வலிப்பும் வரலாம் என்பதால் ஒன்று சொல்லிவைக்கிறேன். அப்படி வந்தால் பிடித்து அழுத்தாமல், வாயில் எதையும் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள்; 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். வலிப்பு கட்டுப்படும்வரை பெரியவர் துணையின்றி அவளை நீரில் இறங்க விடாதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.