சுண்ணாம்புச் சுவரில் கரும்பாசி, பூச்சு உதிராமல் எடுக்க வழி உண்டா?

காரைக்குடியில் பிரஷர் வாஷர் வைத்து வீடு கழுவிக் கொடுக்கும் தொழிலை இந்தத் தை மாதம்தான் ஆரம்பித்தேன். சிமெண்ட் தரை, பேவர் பிளாக், காம்பவுண்டு சுவர் எல்லாம் பிரச்சினை இல்லை. கானாடுகாத்தானில் ஒரு பழைய நகரத்தார் வீட்டில்தான் மாட்டிக்கொண்டேன். முகப்பு முழுக்கப் பழைய சுண்ணாம்புப் பூச்சு, மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து மழைத்தண்ணீர் வழிந்த தடமெல்லாம் கரும்பாசி.

மெஷின் 2 ஹெச்பி இண்டக்‌ஷன் மோட்டார், 130 பார் அழுத்தம். பச்சை நாசில், அதாவது தண்ணீர் 25 டிகிரி விரிவில் பாய்வது, போட்டு தூண் மறைவில் ஓர் ஓரத்தில் அடித்துப் பார்த்தேன், பாசியோடு மேல்பூச்சும் மாவு மாவாக வந்துவிட்டது. இன்னும் அகலமாகப் பாயும் 40 டிகிரி வெள்ளை நாசில் மாட்டித் தள்ளி நின்று அடித்தால் பூச்சு நிற்கிறது, பாசியும் அப்படியே நிற்கிறது! நைலான் பிரஷ், பிளீச்சிங் பவுடர் கரைசல் இரண்டும் பார்த்தாச்சு. பச்சைப் பாசி போகிறது, கறுப்பு அசையவில்லை. கடைக்காரர் ஆசிட் ஊற்றச் சொல்கிறார், அது சுண்ணாம்பையே தின்றுவிடும், கீழே திண்ணையில் ஆத்தங்குடிக் கல் வேறு, அதனால் தொடவில்லை. வீட்டு ஆச்சி சித்திரைக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார்.

சுண்ணாம்புப் பூச்சில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்: இந்தக் கறுப்பை எடுக்க எந்தக் கரைசலை எவ்வளவு நேரம் ஊறவிட்டு, எத்தனை பாரில் கழுவ வேண்டும்?