சர்க்கிற் போர்ட் மாற்றிய பிறகு இடது பக்கம் கரகரக்கிறது (6080 வால்வு ஹெட்போன் அம்ப்)

கொக்குவிலான்
அண்ணைமார், ஒரு உதவி. 12ஏயூ7 ஒன்றும் 6080 ஒன்றும் (இரண்டும் கண்ணாடி வால்வுகள்) போட்டு நானே கட்டிய ஹெட்போன் அம்ப்ளிபயர், இரண்டு வருசமாக ஒரு குறையும் இல்லாமல் பாடியது. போன கிழமை 12ஏயூ7 இன் பிளேட்டுகளில் (சிக்னல் வெளியே வருகிற கால்கள்) இருந்த 22 கிலோஓம் ரெசிஸ்டர்களைக் கழற்றிவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னக் கரண்ட் சோர்ஸ் போர்ட் (மாறாத கரண்ட் தருகிற சர்க்கிற்) போட்டேன். சத்தம் தெளியும் என்றார்கள். வலது பக்கம் உண்மையிலேயே தெளிந்துவிட்டது, இடது பக்கம் மட்டும் கிணற்றுக்குள் இருந்து பாடுவது போல மெல்லிசாகக் கரகரக்கிறது. 12ஏயூ7 இன் வலது பக்கப் பிளேட் காலான பின் 6 இல் 78 வோல்ற், இடது பக்கப் பிளேட் காலான பின் 1 இல் 158. சப்ளையே 170 தான். 6080 இன் இடது பக்க 3 கிலோஓம் ரெசிஸ்டருக்குக் கிட்டக் கை கொண்டுபோக முடியாத சூடு. போர்டைப் பிழையாகப் பூட்டிவிட்டேனோ?

சுருதிப்பெட்டி
வால்வில் அரைவாசி செத்திருக்கும். 12ஏயூ7 என்றால் ஒரு குடுவைக்குள் இரண்டு வால்வுதானே. வேறொன்று கிடந்தால் மாற்றிப் பாருங்கோ, இசிசி82 என்று எழுதியிருந்தாலும் அதே சாமான்தான்.

பழைய ரேடியோக்காரன்
தம்பி, முதலில் ஹெட்போனைக் கழற்றி வையும். பின் 1 இல் ஏறின வோல்ற் 6080 க்கும் போவதால், 3, 4 வாட் எரிய வேண்டிய ரெசிஸ்டர் இப்போது 7 வாட்டுக்கு மேல் எரிகிறது, அளக்கிற நேரம் தவிர அம்பைப் போட்டு வைக்கவேண்டாம்.

இரண்டு வருசம் உழைத்த வால்வு நீர் போர்ட் மாற்றுகிற நாளாகப் பார்த்துச் சாகுமா? எனக்கு நம்பிக்கையில்லை. போர்ட் கரண்டே தராவிட்டால் பின் 1 இல் வோல்ற் இறங்கும், ஏறாது. ஏறுகிறது என்றால் போர்ட் தருகிறதை வால்வு இழுக்கவில்லை. போர்டில் உள்ள எல்.ஈ.டி.யைத் தலைகீழாகப் பூட்டினாலும் ஏறும், அதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். எனக்குச் சந்தேகம் கதோட் பக்கம், அதாவது வால்வின் கரண்ட் கிரவுண்டுக்கு இறங்குகிற கால், இடது பக்கத்துக்குப் பின் 3. பின் 3 க்கும் கிரவுண்டுக்கும் நடுவில் பயஸ் எல்.ஈ.டி. (வால்வு வேலை செய்கிற வோல்றைப் பிடித்து வைக்கிறது) இருக்குமே, அது எரிகிறதா? பின் 3 இன் சொக்கற் தகட்டில் ஒருக்கால், எல்.ஈ.டி. காலில் ஒருக்கால் அளந்து பாரும். மீற்றரின் கறுப்பு முனையைக் கிளிப்பால் கிரவுண்டில் கவ்வவிட்டு, மற்றக் கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் அளக்கவேண்டும். நிப்பாட்டின பிறகும் கப்பாசிற்றருக்குள் கரண்ட் நிற்கும், மறக்கவேண்டாம்.

கொக்குவிலான்
ஐயா, பாதி அளக்கும்போது கரண்ட் போய்விட்டது, அதுதான் பிந்திவிட்டேன். வலது எல்.ஈ.டி. சிவப்பாக எரிகிறது, இடது இருட்டு. பின் 3 இன் தகட்டில் 11 வோல்ற், அந்தத் தகட்டிலேயே ஒட்டியிருக்கிற எல்.ஈ.டி. காலில் பூச்சியம்! லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஈயம் சாம்பல் நிறத்தில் பொருக்கு வெடித்து, காலைச் சுற்றி மயிர் அளவுக்கு ஒரு வட்டக் கீறல். பின் 1 இல் இருந்த பழைய ரெசிஸ்டரைக் குறட்டால் பிடித்து இழுத்தபோது சொக்கற் முழுதும் ஆடியது ஞாபகம் இருக்கிறது.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டிப் புதிதாக ஒட்டினேன். இப்போது பின் 1 இல் 80, பின் 3 இல் 1.6, எல்.ஈ.டி.யும் எரிகிறது. ஒட்டு வெடித்து வழி அறுந்ததால்தான் வால்வு கரண்ட் இழுக்காமல் கிடந்திருக்கிறது, போர்டில் பிழை இல்லை.

சுருதிப்பெட்டி
சரி, நான் சொன்னது பிழை. நல்ல காலம், வால்வுக்குக் காசு கொட்டவில்லை.

பழைய ரேடியோக்காரன்
கரண்ட் போனதற்கா கவலை? தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. ஆனால் 6080 இன் இழைக்கு மட்டும் 6.3 வோல்றில் 2.5 அம்பியர் வேண்டும், 3 வாட் டைனமோவோடு ஐந்து சைக்கிள் கவிழ்த்தாலும் காணாது. அதுசரி, சூடேறின அந்த 3 கிலோஓமைக் கழற்றி அளந்தீரா?

கொக்குவிலான்
அளந்தேன் ஐயா, 3.02 கிலோஓம். மேலே எழுத்துத்தான் கருகிப்போச்சு.