பெரிய வகுப்புப் பிள்ளைகளை விட்டுச் சின்ன வகுப்புக்கு வாசிப்புப் பழக்கலாமா?

படுவான்கரை டீச்சர்
வணக்கம். மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் தரம் 2 படிப்பிக்கிறேன். வாவிக்கு இந்தப் பக்கம் நிலைமை தெரியும்தானே, ஒரு டீச்சர் லீவு போட்டால் இரண்டு வகுப்பையும் ஒன்றாக இருத்த வேண்டியதுதான். என் வகுப்பில் ஏழெட்டுப் பேருக்கு இன்னும் கொம்பும் காலும் சேர்ந்து வந்தால் குழப்பம். 'கொக்கு' என்று கிடந்தால் 'கெ...' என்று தொடங்கி, காலைக் கண்டதும் நின்றுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். ஒவ்வொருவரோடும் இருக்க எனக்கு நேரம் இல்லை. தரம் 4, 5 பிள்ளைகளை வாரத்தில் இரண்டு நாள் இவர்களோடு சோடியாக இருத்தி வாசிக்க விடலாமா? அதிபர் சரி என்கிறார். ஆனால் தரம் 5 பெற்றோர், ஸ்கொலசிப் சோதனை வருடத்தில எங்கட பிள்ளை படிக்கப் போறானா படிப்பிக்கப் போறானா என்று இப்போதே கேட்கிறார்கள்.

திருக்கோவில் சேர்
நாங்கள் செய்கிறோம் டீச்சர். தரம் 5ஐச் சோதனை முடியும்வரை தொடாதீர்கள், தரம் 4 போதும். மற்றது, கெட்டிக்காரப் பிள்ளைகளாகத் தேடிப் பிடிக்காதீர்கள். வகுப்பில் முதலாவதாக வாற பிள்ளைக்குப் பொறுமை இருக்காது, சின்னவன் வாய் திறக்கமுன் தானே வாசித்து முடித்துவிடும். தரம் 4இல் தட்டுத்தடுமாறி வாசிக்கிற பிள்ளை இருக்கிறதே, அது தன் வகுப்பில் வாயே திறக்காது, ஆனால் தரம் 2 புத்தகம் அதற்குக் கைவந்துவிடும், நாளைக்குச் சின்னவனுக்குக் காட்ட வேண்டுமே என்று வீட்டிலேயே ஒருக்கால் வாசித்துப் பார்த்துவிட்டு வரும். யாருடைய வாசிப்பு கூட முன்னேறுகிறது என்று நீங்களே பாருங்கள்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், எதிரெதிரே இருந்தால் ஒருவருக்குப் புத்தகம் தலைகீழ். முதலில் சேர்ந்து சத்தமாக வாசிப்பது. சின்னவருக்குத் தனியே வாசிக்க விருப்பம் வந்தால் மேசையில் ஒரு தட்டு, பெரியவர் நிறுத்திவிடுவார். பிழை விட்டால் உடனே பாயாமல் மனதுக்குள் ஐந்து எண்ணிப் பார்த்து, அப்போதும் வராவிட்டால் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்து, சின்னவர் திருப்பிச் சொன்னதும் மேலே போவது. 'இதுகூடத் தெரியாதா' என்ற கதை வரவே கூடாது, அதைப் பெரியவர்களுக்கு முதல் நாளே நடித்துக் காட்டுங்கள். பதினைந்து நிமிடம் காணும். கார்த்திகை, மார்கழியில் மரத்தடி சரிவராது, உள்ளுக்கு இடம் பார்த்து வையுங்கள்.

கல்முனை உம்மா
திட்டம் நல்லம்தான். ஆனால் என் மகள் தரம் 4இல் இருந்தபோது இப்படித்தான் தொடங்கினார்கள், கொஞ்ச நாளில் டீச்சர் வராத நாளெல்லாம் தரம் 1ஐப் பார்த்துக்கொள்ள இவளைத்தான் அனுப்பினார்கள், கையில் அடிமட்டம் வேறு. வீட்டுக்கு வந்து தம்பிக்கும் அதே அதட்டல். கேட்டால் தலைமைத்துவமாம். எனக்கென்றால் அது சம்பளமில்லாத காவல்.

பழைய சட்டம்பி
உம்மா சொல்வதில் விசயம் இருக்கு. இது புதுசும் இல்லை, நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான். 1789இல் சென்னையில் ஆண் அநாதைப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர் சரிவராது என்று நிற்க, அரிவரி வகுப்பை எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் கொடுத்தார், அவன் படிப்பித்துக் காட்டினான். 1797இல் பெல் அதை லண்டனில் புத்தகமாகப் போட்டார். அங்கே லங்காஸ்டர் என்பவரும் இதே மாதிரி ஒன்றை நடத்த, ஒரே வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கிற மலிவு வழியாக அது பரவியது. கெட்டதும் அங்கேதான். பிள்ளைக்குப் பிள்ளை உதவுவது வேறு, வாத்தியார் சம்பளத்தை மிச்சம் பிடிப்பது வேறு. ஆகவே தங்கச்சி, அந்த நேரம் நீங்கள் அறையிலேயே நில்லுங்கள். உங்களுக்கு லீவென்றால் அன்றைக்குச் சோடி வாசிப்பும் லீவு.

படுவான்கரை டீச்சர்
நன்றி. அப்போ தரம் 4 மட்டும், நான் நிற்கிற நாளில் மட்டும். உம்மா, அடிமட்டம் கொடுக்க மாட்டேன்! சேர், அண்ணன் தங்கச்சி இருந்தால் சோடி சேர்க்கலாமா?

திருக்கோவில் சேர்
வேண்டவே வேண்டாம், வீட்டுச் சண்டை வகுப்புக்கு வந்துவிடும். மற்றச் சோடிகளை ஒரு மாதமாவது மாற்றாமல் விடுங்கள். யாராவது வராத நாளுக்கென்று தரம் 4இல் இரண்டு பேரைக் கூடுதலாகப் பழக்கி வையுங்கள்.