தன்பாலீர்ப்பு வேதபாடம்: சோதோமில் தொடங்கலாமா?

பெரேயா_வாசகன்:
வாலிபர் ஐக்கியத்தில் ஒன்றரை மணி நேர வேதபாடம். தலைப்பு: தன்பாலீர்ப்பும் தேவனுடைய சிருஷ்டிப்பின் ஒழுங்கும். சோதோமில் தொடங்கி ரோமரில் முடிக்கலாம் என்றிருக்கிறேன். இரு தரப்பு வாதத்தையும் நேர்மையாக வைக்க இந்த வரிசை சரிவருமா? தன்பாலீர்ப்பாளர் குருப்பட்டத் தடையை நீக்கிய அமெரிக்க மெத்தடிஸ்ட் சபையின் 2024 தீர்மானம் நம்மைக் கட்டுப்படுத்துமா என்றும் கேட்கிறார்கள்.

மூன்றாம்_மணி:
சோதோம் வேண்டாம் பிரதர். ஆதியாகமம் 19இல் நடப்பது விருந்தாளிகளைப் பலவந்தம் செய்ய ஊரே திரண்டு வருவது. ஒருவர் எசேக்கியேல் 16:49ஐ எடுத்து, சோதோமின் அக்கிரமம் கெர்வமும் ஆகாரத்திரட்சியும் என்பார். அடுத்தவர் அருவருப்பைப் பேசும் 16:50, அந்நிய மாம்சத்தைப் பேசும் யூதா 7 என்று எழுவார். அரை மணி நேரம் அங்கேயே போய்விடும், மையக் கேள்வியைத் தொட்டிருக்க மாட்டீர்கள்.

மத்தேயு 19:3–12இல் தொடங்குங்கள். பரிசேயர் கேட்பது மனைவியைத் தள்ளிவிடுவது பற்றி. இயேசு பதிலாக ஆதியாகமம் 1:27ஐயும் 2:24ஐயும் சேர்த்துச் சொல்கிறார். மரபுத் தரப்பின் (தன்பாலுறவை ஏற்காதவர்கள்) பலமே இந்தச் சேர்க்கைதான்: ஆணும் பெண்ணும் என்பது மனைவியைத் தள்ளிவிட மோசே தந்த சலுகைக்கு மட்டுமல்ல, பாவத்துக்கும் முந்தியது. ஏற்புத் தரப்பு (தன்பாலுறவை ஏற்பவர்கள்) சொல்வது: அங்கே கேள்வி விவாகரத்து, அழுத்தம் பிரியாமையின் மேல், "தனிமையாயிருப்பது நல்லதல்ல" என்ற 2:18ம் சிருஷ்டிப்பின் நோக்கம்தானே?

பெரும்பாலோர் 9ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுவார்கள். 12 வரை வாசியுங்கள். அண்ணகர் (ஆண்மை நீக்கப்பட்டவர், அல்லது பிறவியிலேயே அப்படியிருப்பவர்) பற்றிய அந்த வசனத்தை ஒரு தரப்பு துறவுக்கான அழைப்பாகவும், மறு தரப்பு எல்லோரும் ஒரே அச்சில் இல்லை என்பதற்கு அத்தாட்சியாகவும் எடுக்கிறது. அண்ணகருக்குத் தம் ஆலயத்தில் இடம் தருவதாகத் தேவன் சொல்லும் ஏசாயா 56:3–5ஐயும் கூடவே வையுங்கள்.

அகிலா_பிரிஸ்கில்லா:
தன்பாலுறவைக் கண்டிக்கும் ரோமர் 1:26–27 வாசித்தால், மற்றவர்களைத் தீர்ப்பவனைக் கண்டிக்கும் 2:1ஐ விடாதீர்கள். பவுலின் வாதம் அங்கேதான் கேட்பவன் பக்கம் திரும்புகிறது. அதற்காக முன்னே சொன்னது ரத்தாகிவிட்டது என்றும் ஆகாது. ஏற்புத் தரப்பில் சிலர் இந்த இடத்தில் அவசரப்படுகிறார்கள். அப்போஸ்தலர் 15ம் அப்படியே. விருத்தசேதனமில்லாமல் புறஜாதியாரைச் சேர்த்ததை ஒருவர் காட்டினால், அதே நிருபத்தில் வேசித்தனத்துக்கு விலகச் சொன்னதை (15:29) மற்றவர் காட்டுவார்.

கட்டளைநூல்:
மெத்தடிஸ்ட் கேள்விக்கு: கட்டுப்படுத்தாது. இந்திய மெத்தடிஸ்ட் திருச்சபை 1981 முதல் தன்னாட்சி, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) 1947இல் உருவான தனிச் சபை.

அமெரிக்காவில் நடந்தது: 2019 செயின்ட் லூயிஸ் மாநாட்டில், தன்பாலீர்ப்பாளர் குருப்பட்டத்துக்கும் ஒருபாலினத் திருமணத்துக்கும் இருந்த தடையை இறுக்கும் திட்டம் 438–384 என நிறைவேறியது. அங்கேயே, உள்ளூர்ச் சபைகள் வெளியேறும் வழியாகச் சபைச் சட்டநூலில் 2553ஆம் பத்தியும் வந்தது: கூட்டத்துக்கு வந்திருக்கும் அங்கத்தினரில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, நிலுவைகளோடு ஓய்வூதியப் பொறுப்புக்கான பணமும் கட்ட வேண்டும். 2023 இறுதிக்குள் சுமார் 7,600 சபைகள் போய்விட்டன. 2024இல் சார்லட்டில் குருப்பட்டத் தடை 692–51 என நீங்கியது. இதைப் பார்த்து எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று பாடத்தில் சொல்லிவிடாதீர்கள். எதிர்த்திருக்கக்கூடியவர்களில் பலர் அப்போது உள்ளே இல்லை. திருமணம் நடத்த விருப்பமில்லாத போதகரை இன்றும் யாரும் வற்புறுத்த முடியாது.

மூன்றாம்_மணி:
ஒன்று விட்டுப்போனது. "யார் எந்தப் பக்கம், கை தூக்குங்க" என்று கேட்கவே கேட்காதீர்கள். இந்த ஈர்ப்பு உள்ள பிள்ளை அந்த அறையிலேயே இருக்கலாம். கேள்விகளைப் பெயரில்லாமல் துண்டுச்சீட்டில் வாங்குங்கள். கடைசி 25 நிமிடத்தை அதற்கே ஒதுக்குங்கள்.