10 மாசம், ரெண்டரை வயசு, 5 வயசு: ஒரே வீட்டுக்கு மூணு கிஃப்ட், என்ன வாங்கலாம்?

கடைசிபெஞ்ச்:

வணக்கம் மக்களே. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல, குழந்தைங்க விஷயத்துல சுத்த ஜீரோ, அதான் இங்க வந்து கேக்குறேன். அடுத்த வாரம் காலேஜ் ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் தங்கப் போறேன். அங்க மூணு வாண்டுங்க. பெரியவளுக்கு 5 வயசு, அடுத்தவனுக்கு ரெண்டரை, கடைக்குட்டிக்கு 10 மாசம், இப்பதான் தவழ ஆரம்பிச்சு வீட்டையே அளந்துட்டு இருக்காம்.

போன தடவை சைரன் அடிக்கிற போலீஸ் கார் ஒண்ணு வாங்கிட்டுப் போனேன். சவுண்டைக் குறைக்க பட்டனே கிடையாது, சுவத்துல முட்டினா கத்தும், முட்டலைன்னாலும் கத்தும், நடுராத்திரி யாரும் தொடாமலே ஒருதடவை கத்திச்சாம். மூணாவது நாள் ஃப்ரெண்டோட வைஃப் ஃபோன் பண்ணி "அண்ணா, கார் ரொம்ப நல்லா இருக்கு, கொஞ்ச நாள் நீங்களே வச்சிருக்கீங்களா"ன்னு கேட்டாங்க. அவங்க சிரிச்சுட்டேதான் கேட்டாங்க, ஆனா அந்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

இந்த தடவை மானத்தைக் காப்பாத்தணும். பொம்மையும் வேணும், கூடவே வாயில போடுற மாதிரி ஏதாவது ஸ்வீட்டும் வேணும், வெறும் பொம்மையோட போனா பெரியவ மூஞ்சியைத் திருப்பிப்பா. என்ன வாங்கலாம், என்ன வாங்கவே கூடாது?

மூணுவால்_அம்மா:

தம்பி, எனக்கும் மூணு, அதனால சொல்றேன். நீங்க மூணு குழந்தைக்கு மூணு பொம்மைன்னு கணக்குப் போடுறீங்க பாருங்க, தப்பே அங்கதான். ஒரே வீட்ல இருந்தா எல்லா பொம்மையும் கடைசியில போய்ச் சேர்ற இடம் தரை, தரை யாரோட ராஜ்ஜியம்? தவழ்றவனோடது. அதனால பெரியவளுக்கு வாங்குறதா இருந்தாலும் சின்னவன் வாயை நினைச்சுத்தான் வாங்கணும்.

பெட்டி மேல 3 வயசுக்கு மேலன்னு போட்டிருப்பாங்கல்ல, எங்க மாமியார் உட்பட பல பேர் அதை அறிவு சம்பந்தப்பட்டதுன்னு நினைக்கிறாங்க, "எங்க பேரன் கெட்டிக்காரன், இப்பவே விளையாடுவான்"னு பிரிச்சுக் குடுத்துடுவாங்க. பல நேரம் அது அறிவுக்கே இல்ல, தொண்டைக்கு. 3 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களோட பொம்மைகளை டெஸ்ட் பண்ண ஒரு சின்ன உருளை வச்சிருக்காங்க, குறுக்களவு 3.17 செ.மீ., அதுக்குள்ள முழுசா அடங்கிப்போற எதுவும் சின்னக் குழந்தைக்கு ஆகாது. பந்துக்கு அதைவிட கறார், 4.4 செ.மீ.க்காவது மேல இருக்கணும். வீட்ல செக் பண்ண டாய்லெட் பேப்பர் தீர்ந்ததும் மிஞ்சுற அட்டைக் குழல் போதும், அது அந்த உருளையைவிட கொஞ்சம் அகலம், அதுல நுழையாதது எதுவோ அதை நம்பி வாங்கலாம். கடையில நின்னு குழலை வெளிய எடுத்தா ஒரு மாதிரி பாப்பாங்க, பாக்கட்டும்.

அடுத்தது பேட்டரி. காசு மாதிரி தட்டையா பளபளன்னு இருக்குமே, அந்த பட்டன் பேட்டரி இருக்கிற எதையும் அந்த வீட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க. முழுங்கினா உணவுக்குழாயில மாட்டிக்கும், அங்க இருக்கிற ஈரத்துல கரண்ட் பாய்ஞ்சு காரம் உண்டாகி 2 மணி நேரத்துலயே உள்ள வெந்து போகும், பொம்மைக்கு சார்ஜ் தீர்ந்த பேட்டரியா இருந்தாலும் இதேதான். வேற பேட்டரி போடுற பொம்மையா இருந்தாலும் மூடி ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கான்னு கட்டாயம் பாருங்க. இன்னொண்ணு யாருக்குமே தோணாது: திறந்தா பாட்டுப் பாடுற பர்த்டே கார்டு. அதுக்குள்ள இருக்கிறதும் இதே பேட்டரிதான், வெறும் பேப்பரால மூடியிருக்கும். யாராவது முழுங்கிட்டாங்கன்னு லேசா சந்தேகம் வந்தாலே ஹாஸ்பிடலுக்கு ஓடணும், வாந்தி எடுக்க வைக்கிறது, காலையில பாத்துக்கலாம்னு இருக்கிறது எல்லாம் கூடவே கூடாது.

பயமுறுத்திட்டேனா? சரி இப்ப வாங்கலாம்னு சொல்றதுக்கு வரேன். ரெண்டரைக்கு டூப்ளோ, லெகோ கம்பெனியோட பெரிய சைஸ் அடுக்குக் கட்டைங்க. சாதாரண லெகோவைவிட நீளம் அகலம் உயரம் எல்லாமே ரெண்டு மடங்கு, வாய்க்குள்ள அடங்காது, நாளைக்கு லெகோ வாங்கினா அதோடயும் மாட்டிக்கும், அதனால வீணாப் போகாது. கடைக்குட்டிக்கு ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற கப் செட். 10 மாசத்துல குழந்தைக்குப் பெரிய சந்தோஷமே உள்ள போடுறது, வெளிய எடுக்கிறது, தூக்கி வீசிட்டு நம்மளைப் பாக்கிறது, இந்த மூணும்தான்.

சும்மா_ஒரு_அப்பா:

பெரிய அட்டைப்பெட்டி ஒண்ணு, உள்ள எதுவுமே போடாம குடுங்க ப்ரோ. எப்படியும் அதுலதான் விளையாடப் போகுதுங்க 😂

குண்டுமணி_மாமா:

என்னங்க எல்லாரும் இப்படி பயமுறுத்துறீங்க. நாங்கல்லாம் மண்ணைத் தின்னு ஆணியை வச்சு விளையாடி வளர்ந்தவங்கதான். மாமா வந்தார்னா ஒரு சத்தம் இருக்கணும், ஒரு சாக்லேட் இருக்கணும், நாளைக்கு யாரு ஞாபகம் வச்சிருப்பா கப் செட் குடுத்த மாமாவை? என் ஓட்டு: பெரியவளுக்கு ஸ்லைம், நடுவுல உள்ளவனுக்கு தண்ணியில போட்டா ஊதிப் பெருசாகுமே கலர் கலர் ஜெல் மணி, அதுல ஒரு பாக்கெட், குட்டிக்கு வாக்கர். கூட ஒரு பெரிய டப்பா மிட்டாய். முடிஞ்சுது.

மூணுவால்_அம்மா:

அண்ணே சத்தியமா சண்டைக்கு வரல, ஆனா அந்த ஜெல் மணி மட்டும் வேண்டாம். அது கிண்ணத்துல ஊதுற மாதிரியேதான் வயித்துக்குள்ளயும் ஊதும், குடலை அடைச்சுடும், எக்ஸ்ரேல கூட சரியா தெரியாது, உருண்டு சோஃபா அடியில போன ஒண்ணு போதும். அதே மாதிரிதான் சின்னச் சின்ன உருண்டையா ஒட்டிக்கிற பவர்ஃபுல் காந்தம், ரெண்டு முழுங்கினா குடலுக்குள்ள ஒண்ணையொண்ணு இழுத்து நடுவுல சதையை நசுக்கி ஓட்டை போட்டுடும்.

வாக்கரா? உள்ள உக்காந்து உருட்டிட்டுப் போறதைத்தானே சொல்றீங்க, கனடாவுல 2004லயே விக்கிறதுக்கே தடை போட்டுட்டாங்க. மாடிப்படியில உருண்டு விழுற குழந்தைங்க அவ்வளவு, அதுவும் பெரியவங்க பக்கத்துல நிக்கும்போதே. அதுல ஓடுற வேகத்துக்கு நம்ம கை எட்டாது. எழுந்து நிக்க ஆரம்பிச்சதும் பின்னாடி நின்னு தள்ற நடைவண்டி வாங்கலாம், அது வேற.

ஆணி வச்சு விளையாடின கதையைச் சொல்ல நல்லபடியா தப்பிச்சவங்கதான் இங்க வந்து டைப் பண்றாங்க அண்ணே.

குண்டுமணி_மாமா:

சரி தாயே 🙏 மணி வாபஸ், வாக்கர் வாபஸ். மிட்டாயாவது விடுவீங்களா?

பல்லுக்குப்பல்:

மிட்டாய்க்கு நான் வரேன், டென்டல் க்ளினிக்லதான் வேலை, தினம் நாலு வயசுப் பிள்ளைங்க வாயைத் திறந்து பாத்துட்டே இருக்கோம்.

முதல்ல சின்னவனுக்கு எதுவும் வேண்டாம். 2 வயசு ஆகுற வரைக்கும் சர்க்கரை சேர்த்தது எதுவுமே வேண்டாம்னு அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் 2016ல சொல்லிட்டாங்க, அதுக்கு மேல 18 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள, அதாவது சுமாரா 6 டீஸ்பூன். "நேச்சுரல்தானே"ன்னு தேன் மட்டும் தொட்டு வச்சுடாதீங்க, ஒரு வயசுக்குள்ள தேன் கூடவே கூடாது, அதுல இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவோட வித்து நம்ம வயித்துல ஒண்ணும் பண்ணாது, பச்சைக் குழந்தை குடல்ல முளைச்சு விஷத்தைக் கக்கும்.

பெரிய ரெண்டுக்கும் குடுக்கலாம். பல்லுக்கு எவ்வளவு சாப்பிட்டாங்கங்கிறதைவிட எத்தனை தடவை சாப்பிட்டாங்க, எவ்வளவு நேரம் வாயில இருந்துச்சுங்கிறதுதான் முக்கியம். ஒவ்வொரு தடவை சர்க்கரை உள்ள போனதும் வாயில இருக்கிற கிருமி அதைத் தின்னு அமிலம் விடும், அது அடங்க அரை மணி நேரம் வரைக்கும் ஆகும். சாப்பாட்டோட சேர்த்து ஒரு துண்டு சாக்லேட் தின்னு முடிச்சா கதை முடிஞ்சுது. லாலிபாப்பை ஒரு மணி நேரம் சப்பிட்டே சுத்தினா அந்த ஒரு மணி நேரமும் பல்லு அமிலத்துல ஊறும். டாஃபி, ஜவ்வு மாதிரி இருக்கிற கம்மி (gummy) மிட்டாய், ஏன் ஹெல்த்தின்னு நினைக்கிற காஞ்ச திராட்சை கூட பல் இடுக்குல ஒட்டிக்கிட்டு உக்காந்துக்கும். ஸ்வீட்ல எனக்கு சாதா சாக்லேட் பார் பரவாயில்லைன்னு தோணும், கரைஞ்சு போயிடும்.

ரெண்டரை வயசுக்கு இன்னொரு பக்கமும் பாக்கணும். உருண்டையான கெட்டி மிட்டாய், முழு நட்ஸ், பாப்கார்ன் இதெல்லாம் மூச்சுக்குழாயில போய் அடைக்கும், கடைவாய்ப்பல் முழுசா வந்து நல்லா அரைக்கப் பழகற வரைக்கும் வேண்டாம், 4 வயசாவது ஆகட்டும். திராட்சை குடுத்தா நீளவாக்குல நாலா வெட்டிக் குடுங்க. ஒரே உறிஞ்சுல வாய்க்குள்ள போற மினி ஜெல்லி கப்பு இருக்கே, ஐரோப்பிய யூனியன்ல அதைத் தடையே பண்ணி வச்சிருக்காங்க, உறிஞ்சுற வேகத்துல நேரா தொண்டைக்குப் போயிடும், கரையவும் கரையாது.

எல்லாத்துக்கும் முன்னாடி, வாங்குறதுக்கு முன்னாடியே ஃப்ரெண்டு வைஃப்கிட்ட ஒரு மெசேஜ் போட்டு அலர்ஜி ஏதாவது இருக்கான்னு கேளுங்க. பால், வேர்க்கடலை, முட்டை, கோதுமை. பொம்மையிலயும் இது உண்டு, பிசைஞ்சு விளையாடுற கலர் மாவு ப்ளே-டோல கோதுமை மாவு இருக்கு, பெட்டி மேலயே போட்டிருப்பாங்க. அந்த வீட்ல நாய் இருந்தா சைலிட்டால் போட்ட சுகர்ஃப்ரீ மிட்டாயும் வேண்டாம், நாய்க்கு அது விஷம்.

மழலைவகுப்பு:

ப்ளேஸ்கூல்ல இருக்கேன், 2 வயசுல இருந்து 5 வரைக்கும் எங்ககிட்டதான். ரெண்டு விஷயம் சொல்லிட்டுப் போறேன்.

நிறைய வாங்காதீங்க. 2018ல வந்த ஒரு ஆராய்ச்சியில ஒன்றரையில இருந்து ரெண்டரை வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்களை ஒரு தடவை 4 பொம்மையோடயும் இன்னொரு தடவை 16 பொம்மையோடயும் விட்டுப் பாத்தாங்க. 4 இருந்தப்பதான் ஒவ்வொண்ணையும் ரொம்ப நேரம் வச்சு, விதவிதமா விளையாடினாங்களாம். எங்க கிளாஸ்ல நாங்க எப்பவும் பாதியை பீரோல பூட்டி வச்சு மாத்தி மாத்திதான் எடுப்போம், திரும்ப வெளிய வரும்போது புதுசு மாதிரி பாயுங்க.

பட்டனை அமுக்கினா பாடுற பொம்மையில வேலை எல்லாம் பொம்மை பாத்துக்குது, குழந்தை பாக்கிறதோட சரி. ரெண்டரைக்கு சொப்பு சாமான், டாக்டர் செட் மாதிரி நடிச்சு விளையாடுறது நல்லா ஓடும். 5 வயசுக்கு என் ஃபேவரிட் டார்ச் லைட்டு! நீள பேட்டரி போடுறது, ஸ்க்ரூ மூடியோட. இருட்டு ரூம், போர்வைக் கூடாரம், சுவத்துல நிழல் நாய், ஒரு வாரத்துக்கு அவளைத் தேடவே முடியாது. தண்ணியில அழியிற குண்டு க்ரேயான், பிள்ளைங்களுக்கான கத்திரி, ஒரு கட்டு பேப்பரும் சேர்த்துக்கலாம், கத்திரியை மட்டும் அம்மா கையில குடுங்க.

அப்புறம் 5க்கும் ரெண்டரைக்கும் பொதுவா ஏதாவது வாங்கினா ரெண்டும் ஒரே மாதிரி வாங்குங்க, கலர் கூட மாத்தாதீங்க. "அவளுக்குப் பிங்க் இவனுக்கு ப்ளூ"ன்னு எடுத்துட்டுப் போனா ரெண்டுக்குமே அடுத்தது கையில இருக்கிறதுதான் வேணும்.

கிண்டர்கார்டனை ஆரம்பிச்ச ஃப்ரோபல்னு ஒரு ஜெர்மன்காரர், 1800கள்ல, குழந்தைங்களுக்குன்னு வரிசையா விளையாட்டுப் பொருள் பண்ணினார், அதுக்கு அவர் வச்ச பேரே "பரிசுகள்"தான். முதல் பரிசு என்ன தெரியுமா, கம்பளி நூல்ல சுத்தின ஆறு கலர் பந்து. அவ்வளவுதான். கடைக்குட்டிக்கு மெத்துன்னு ஒரு துணிப்பந்து வாங்கிட்டுப் போங்க, வாய்ல வச்சு நனைச்சாலும் துவைச்சுப் போட்டுடலாம்.

கடைசிபெஞ்ச்:

போயிட்டு வந்துட்டேன் மக்களே, அப்டேட் போடாம இருந்தா நன்றி கெட்டவன்.

மெசேஜ் போட்டுக் கேட்டேன். நடுவுல உள்ள பையனுக்கு வேர்க்கடலை அலர்ஜியாம், எனக்கு இத்தனை நாள் தெரியவே தெரியாது, நான் மனசுல வச்சிருந்தது கடலை போட்ட சாக்லேட்தான். நல்ல வேளை. சாதா பார் ஒண்ணு வாங்கினேன், லேபிளை ரெண்டு தடவை படிச்சுட்டு. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மாவே உடைச்சுக் குடுத்தாங்க.

டூப்ளோ, துணிப்பந்து, ஒரே கலர்ல ரெண்டு டார்ச். டார்ச் தான் ஹீரோ, முதல் நாள் ராத்திரி கட்டிலுக்கு அடியில புகுந்த ரெண்டையும் வெளிய இழுக்க முடியல, என்னையும் உள்ள வரச் சொல்லி, நான் பாதி உடம்போட மாட்டிக்கிட்டேன். டூப்ளோல பெரியவ ஹாஸ்பிடல் கட்டினா, தம்பி ஒவ்வொரு தடவையும் நோயாளி மாதிரி வந்து அதையே இடிச்சுட்டுப் போனான்.

கடைக்குட்டி பந்தை ஒரு தடவை மோந்து பாத்துட்டு, பேக்கிங் அட்டைப்பெட்டிக்குள்ள போய் உக்காந்துருச்சு. @சும்மா_ஒரு_அப்பா நீங்க ஜெயிச்சீங்க.

கிளம்பும்போது ஃப்ரெண்டோட வைஃப் ஒரு பையைக் கையில குடுத்தாங்க. ரயில்ல ஏறி சீட்டுக்கு அடியில வைக்கும்போது லேசா இடிச்சேன், உள்ள இருந்து சைரன் கத்த ஆரம்பிச்சிருச்சு.